எஞ்சின் ஏன் கொதிக்கிறது? கராஜுக்குக் கொண்டுபோவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

பங்குனி, சித்திரை வெயிலில் ஏ9 வீதியால் போகிறவர்கள், வவுனியாவுக்கும் ஆனையிறவுக்கும் இடையில் போனற்றைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்கும் வாகனங்களைக் கண்டிருப்பார்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான், மகரகம வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுபோகும் வாடகை வாகனம், மீன் பெட்டி ஏற்றிய சிறு லொறி என்று எதுவாகவும் அது இருக்கலாம். சாரதி பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் வாங்கி வருவார், ஊற்றுவார், அரை மணித்தியாலத்தில் புறப்பட்டுவிடுவார். அந்த வாளித் தண்ணீரோடு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

நான் மெக்கானிக் அல்ல. செய்தி சேகரிக்கப் போகும்போது வாடகை வான்களையும் தெரிந்தவர்களின் பழைய கார்களையும் நம்பியிருப்பவள். அதனால் கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கராஜ்களில் பல மணித்தியாலங்கள் காத்திருந்திருக்கிறேன். அங்கே கவனித்ததையும் கேட்டறிந்ததையும், எஞ்சின் வேலை செய்யும் விதம் பற்றிப் படித்ததையும் சேர்த்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

இதை ஒரு செய்தித் தளத்தில் எழுதக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் வீதிகளில் ஓடியவை ஏற்கெனவே ஓடித் தேய்ந்த வாகனங்கள்தான். போருக்குப் பின் லீசிங்கில் எடுத்த ஒரு வானை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. உழைப்பவரைப் போரில் இழந்த வீடுகளும் அவற்றில் உண்டு. எஞ்சின் இரண்டு கிழமை கராஜில் கிடந்தாலும் மாதத் தவணை நிற்காது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் அப்படியொரு வானைக் கண்டேன். எஞ்சின் சூடாகிறது என்று ஒரு கராஜில் வோட்டர் பம்பை மாற்றினார்கள். இன்னொரு கராஜில் ரேடியேற்றரையே மாற்றினார்கள். சூடு குறையவில்லை. மூன்றாவது மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. சாரதியிடம், "அண்ணை, ஓடேக்க ஹீற் ஆகுதோ, நிக்கேக்க ஆகுதோ?" என்று கேட்டார். நிற்கும்போது என்று பதில் வந்தது. விசிறிக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே பழுதாகியிருந்தது. கைக்குள் அடங்கும் ஒரு சிறு பெட்டி அது.

தடைக்காலப் பழக்கமும் இன்றைய எஞ்சினும்

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வடக்கில் வாகனம் ஓட்டியவர்களின் கைவண்ணத்தை எங்கள் வீடுகளில் இன்றும் கதையாகச் சொல்வார்கள். பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும், சூடேறும். நிறுத்தித் தண்ணீர் ஊற்றி மறுபடி ஓட்டுவார்கள். தெர்மோஸ்டற் பழுதானால் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவார்கள்.

அந்தக் கார்கள் அதைத் தாங்கின. அவற்றின் எஞ்சின் புளொக், மேலேயுள்ள சிலிண்டர் ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. அமுக்க விகிதமும் குறைவு. இன்று நாம் ஓட்டும் அல்ரோ, வகன் ஆர், விற்ஸ், அக்குவா போன்றவற்றில் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளைந்துவிடும். வளைவு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பல எஞ்சின்களுக்கு அது அதிகம்.

அன்று எங்களைக் காப்பாற்றிய பழக்கங்கள் இன்றைய எஞ்சினைக் கொல்கின்றன. கிடைத்த தண்ணீரை ஊற்றுவது, தெர்மோஸ்டற்றைக் கழற்றுவது, "கொஞ்சத் தூரம்தானே" என்று ஓட்டிக்கொண்டே போவது என்ற மூன்றையும் கைவிட வேண்டியிருக்கிறது.

சூடு எங்கே போகிறது?

எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. மிகுதியில் பெரும்பகுதி புகையோடும், குளிர்விக்கும் நீரோடும் சூடாக வெளியேற வேண்டும். சிலிண்டருக்குள் எரியும் வாயு 2000 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடியது. அதைச் சுற்றியுள்ள உலோகம் உருகாமல் இருப்பதற்குக் காரணம், புளொக்குக்குள் ஓடும் நீரும் கூலன்டும்தான்.

வோட்டர் பம்ப் அந்த நீரைச் சுற்ற வைக்கிறது. எஞ்சின் குளிராக இருக்கும்போது தெர்மோஸ்டற் ரேடியேற்றருக்குப் போகும் வழியை மூடி வைக்கிறது. நீர் ஏறத்தாழ 82 முதல் 88 பாகைக்கு வந்ததும் அதற்குள் இருக்கும் மெழுகு விரிந்து கதவு திறக்கிறது. நீர் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள் ஓடிக் காற்றுக்குச் சூட்டைக் கொடுக்கிறது. வாகனம் ஓடும்போது காற்று தானாக வரும். நிற்கும்போது விசிறி இழுக்க வேண்டும்.

ரேடியேற்றர் மூடிக்கும் முக்கிய வேலை உண்டு. அது அமுக்கத்தை அடைத்து வைக்கிறது. 0.9 பார் மூடி சரியாக வேலை செய்தால், 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 119 பாகை வரை கொதிக்காது. மூடியின் றப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் நீர் கொதித்து வெளியே தள்ளும்.

முள் ஏறினால் உடனே செய்ய வேண்டியவை

ஹீற் மீற்றர் முள் வழமையான இடத்தைத் தாண்டினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். வாகனத்தில் ஹீற்றர் இருந்தால் அதை முழுச் சூட்டுக்கும் முழு வேகத்துக்கும் திருப்பி, கண்ணாடிகளை இறக்குங்கள். எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை அது உள்ளே இழுத்துவிடும். வியர்க்கும், ஆனால் பாதுகாப்பான ஓர் இடத்தில் ஒதுக்குவதற்குச் சில நிமிடங்கள் கிடைக்கும்.

முள் சிவப்புக்குப் போனாலோ, சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தாலோ, ஆவி வந்தாலோ ஒதுக்கி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். பல ஜப்பானியச் சிறு கார்களில் முள் இல்லை, விளக்கு மட்டுமே உண்டு. அந்தச் சிவப்பு விளக்கு எரியும்போது எஞ்சின் ஏற்கெனவே அளவு மீறிச் சூடாகிவிட்டது. அடுத்த சந்தி வரை போகலாம் என்ற கணக்கு அதற்குப் பின் வேண்டாம். ஹைபிறிட் வாகனமென்றால் பவரை முழுமையாக அணையுங்கள். இல்லாவிட்டால் எஞ்சின் தானாகவே மறுபடி இயங்கலாம்.

ஹைஏஸ் போன்று இருக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள வான்களில் பயணிகளை, முக்கியமாகப் பிள்ளைகளை, முதலில் இறக்கிவிடுங்கள். ஆவி அடங்கும் வரை இருக்கையைத் தூக்க வேண்டாம்.

சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 110 பாகையில் அமுங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணத்தில் ஆவியாக வெடித்து முகத்துக்கும் கைக்கும் அடிக்கும். அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் பொறுங்கள். மேல் ஹோஸைத் தொட்டு அமுக்கினால் அது மெதுவாகவும் கை தாங்கும் சூட்டிலும் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு தடித்த துணியைப் போட்டு, கால் சுற்று மட்டும் திருப்பி, காற்றுப் போகவிட்டுத் திறக்கலாம்.

கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் வெடிக்கலாம். எஞ்சினின் மேல் தண்ணீர் அடிப்பதும் அப்படித்தான். ஆறிய பிறகே ஊற்ற வேண்டும்.

எப்போது சூடாகிறது என்பதே முதல் தடயம்

அந்த மூன்றாவது மெக்கானிக் கேட்ட கேள்வியை வாகனக்காரர் ஒவ்வொருவரும் தனக்குத் தானே கேட்கலாம்.

நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் சூடாகி, வேகமாக ஓடும்போது இறங்கினால் காற்றோட்டத்தில்தான் குறை. விசிறி, அதன் மோட்டார், பியூஸ், ரிலே, வெப்ப சென்சர் ஆகியவற்றைப் பாருங்கள். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் விசிறி என்றால் அதன் கிளச்சைப் பார்க்க வேண்டும்.

நகருக்குள் ஒழுங்காக ஓடி, நெடுந்தூரத்திலோ மேட்டிலோ பாரத்துடனோ சூடானால் நீரோட்டம் போதவில்லை. ரேடியேற்றர் உள்ளே அடைபட்டிருக்கலாம், வோட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

ஏசி போட்டால் மட்டும் சூடானால், ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் கொண்டென்சரில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கிரவல் வீதிகளில் ஓடும் வாகனங்களில் இதை அடிக்கடி காணலாம்.

ஸ்டார்ட் செய்து சில நிமிடங்களிலேயே சூடானால் மூன்று சந்தேகங்கள்: நீர் குறைவு, தெர்மோஸ்டற் மூடியபடி இறுகியிருத்தல், ஹெட் கஸ்கற் பழுது.

மலிவான சோதனைகளில் தொடங்குங்கள்

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து நீர் மட்டத்தைப் பாருங்கள். பக்கத்திலுள்ள பிளாஸ்ரிக் தாங்கியில் நீர் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மூடி பழுதாக இருந்தால் தாங்கி நிறைந்திருக்க, ரேடியேற்றர் காலியாகக் கிடக்கும்.

நீர் குறைந்துகொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது. வாகனத்துக்குக் கீழே இரவில் ஒரு மட்டையை விரித்து வையுங்கள். ஹோஸ் பொருத்துகள், ரேடியேற்றரின் அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் சேரும் விளிம்பு, வோட்டர் பம்பின் அடிப்பக்கத் துளை ஆகிய இடங்களில் காய்ந்த வெள்ளை அல்லது நிறப் படிவு இருந்தால் ஒழுக்கு அங்கேதான். கராஜில் கைப் பம்பால் அமுக்கம் ஏற்றிப் பார்க்கும் சோதனை, கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கையும் காட்டிக்கொடுக்கும்.

பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அக்குவா, பிறியஸ் மூன்றாம் தலைமுறை போன்ற ஹைபிறிட்களில் வோட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. அங்கே பெல்ட் இல்லை. கணினிச் சோதனை தேவை.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் எப்படி இருக்கின்றன என்று விசிறியிலிருந்து கையை விலக்கி வைத்துக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டற் திறக்கவில்லை அல்லது ரேடியேற்றர் அடைபட்டிருக்கிறது. ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் விசிறி உடனே சுழல வேண்டும். சுழலாவிட்டால் பியூஸில் தொடங்குங்கள்.

ஓட்டோக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கு ஓடும் பெரும்பாலான ஓட்டோக்கள் காற்றால் குளிர்பவை. ரேடியேற்றர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள செட்டைகளில் சேறும் எண்ணெயும் படிந்தால் சூடு வெளியேறாது. அவற்றைச் சுத்தமாக வைத்திருப்பதும், எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பதும், நேரத்துக்கு எண்ணெய் மாற்றுவதுமே அங்கு கூலன்டின் வேலையைச் செய்கின்றன.

தெர்மோஸ்டற்றைக் கழற்றலாமா?

"எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை" என்று சொல்லிக் கழற்றிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வெளியே 35 பாகை என்பது எங்களுக்குத்தான் சூடு. 90 பாகையில் வேலை செய்ய வடிவமைக்கப்பட்ட எஞ்சினுக்கு அது குளிர். தெர்மோஸ்டற் இல்லாமல் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நீண்ட நேரம் எடுக்கும். பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும், எண்ணெய் கெடும், தேய்மானமும் கூடும்.

இன்னொன்றும் உண்டு. பல ஜப்பானிய எஞ்சின்களில் தெர்மோஸ்டற் திறக்கும்போது, ரேடியேற்றரைச் சுற்றிப் போகும் குறுக்கு வழியை அதுவே மூடுகிறது. அதைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்திருக்கும். சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும். குளிரட்டும் என்று கழற்றிய வாகனம், பாரம் ஏற்றும்போது முன்னரைவிடக் கூடுதலாகச் சூடாகும்.

தெர்மோஸ்டற்றை வீட்டிலேயே சோதிக்கலாம். கழற்றியதை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு முன் அது திறக்க வேண்டும், ஆறியதும் மூட வேண்டும். இல்லையென்றால் அதே பாகை எண் உள்ள புதியதைப் போடுங்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையை எல்லோரும் கண்டிருக்கிறோம். கடின நீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் கல்சியம் காபனேற்றாகப் பிரிந்து படிகிறது. ரேடியேற்றரின் குழாய்களிலும் எஞ்சினுக்குள் உள்ள நீர்ப்பாதைகளிலும் இதுவே நடக்கிறது. அந்தப் படை சூட்டைக் கடத்தாது. நாளடைவில் குழாயையே அடைத்துவிடும்.

கடலோரக் கிணறுகளில் உப்பும் சேர்கிறது. உப்பிலுள்ள குளோரைட் அலுமினியத்தைத் துளைத்து அரிக்கும். அந்த ஒரு வாளி அன்றைக்கு வீடு சேர்க்கும். அதையே வழக்கமாக்கினால் ரேடியேற்றர் போய்விடும்.

சரியான கலவை, வாகனக் கைநூல் சொல்லும் கூலன்டும் கனிமம் நீக்கிய நீரும். பாதிக்குப் பாதி என்பது பொதுவான அளவு. கலந்தே வரும் கூலன்ட் போத்தல்களில் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். இங்கே உறைபனி இல்லைத்தான். ஆனால் கூலன்ட் கொதிநிலையை உயர்த்துகிறது. துருவையும் அரிப்பையும் தடுக்கிறது. வோட்டர் பம்பின் சீலைப் பாதுகாக்கிறது. நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். நிறத்துக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி இல்லை. வகையைப் பாருங்கள், வேறு வகைகளைக் கலக்க வேண்டாம்.

கனிமம் நீக்கிய நீர் உதிரிப்பாகக் கடைகளில் பற்றரித் தண்ணீர் என்ற பெயரில் போத்தலில் கிடைக்கும். பற்றரி அசிற் வேறு, அதை ஊற்றிவிடக் கூடாது. வழியில் நின்றுவிட்டால், கிணற்று நீரைவிடச் சுத்தமான மழைநீரோ கடையில் விற்கும் போத்தல் குடிநீரோ மேல். கிணற்று நீர் மட்டுமே கிடைத்தால் அதை ஊற்றி வந்து சேருங்கள். வந்த கிழமையே முழு நீரையும் வடித்து, நல்ல நீரால் கழுவி, புதிய கலவையை நிரப்புங்கள்.

நிரப்பும்போது உள்ளே காற்று தங்கினால் அந்த இடத்தில் உலோகம் சூடேறும். வாகனத்தின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்க, குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து, ஹீற்றரை முழுச் சூட்டில் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் நிற்கும் வரை நிரப்ப வேண்டும். நீண்ட குழாய்கள் உள்ள வான்களில் இதற்கு நேரமெடுக்கும்.

ஹெட் கஸ்கற் போய்விட்டதா?

புளொக்குக்கும் ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் தகடே ஹெட் கஸ்கற். ஹெட் வளைந்தால் அதன் பிடி விடும். பின்வருவன அதன் அறிகுறிகள்: எங்கும் ஒழுகாமலே நீர் குறைதல், சூடேறிய பின்னும் நிற்காத, இனிப்பு மணமுள்ள வெள்ளைப் புகை, ரேடியேற்றர் வாயில் ஓயாமல் வரும் குமிழிகள், எண்ணெய் பால் தேநீர் போல நிறம் மாறுதல், ஸ்டார்ட் செய்தவுடனே ஹோஸ்கள் கல்லாக இறுகுதல்.

இவற்றில் ஒன்றை மட்டும் கண்டு ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்க வேண்டாம். ரேடியேற்றர் வாயில் வைக்கும் நீலத் திரவச் சோதனை ஒன்று உண்டு. எரிந்த வாயு நீருக்குள் வந்தால் திரவம் மஞ்சளாகும். சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து பார்க்கலாம். இரண்டும் ஹெட்டைக் கழற்றும் கூலியோடு பார்த்தால் சிறு செலவு.

கழற்றுவது உறுதியானால், புதிய கஸ்கற்றை மட்டும் போட்டு மூட விடாதீர்கள். நேர்விளிம்பு வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளக்க வேண்டும். வளைந்திருந்தால் லேத்தில் சீவ வேண்டும். வெடிப்பு இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். போல்ட்களை நிறுவனம் சொன்ன வரிசையிலும் இறுக்கத்திலும் பூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் ஏன் சூடானது என்பதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். ரிலே பழுதான வாகனத்துக்குப் புதிய கஸ்கற் போட்டால் அந்தக் கஸ்கற்றும் போகும்.

கராஜில் கேட்க வேண்டியவை

எங்கள் பகுதி மெக்கானிக்குகளில் பலர் உதிரிப்பாகம் இல்லாத காலத்தில் தொழில் பழகியவர்கள். அவர்களின் திறமையில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் பணம் கொடுப்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. எந்தச் சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? மூடி, விசிறி, தெர்மோஸ்டற் மூன்றையும் பார்த்தாயிற்றா? கழற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் வேலையை ஒப்படைக்கலாம். வாகனத்தைப் பெண் ஒருவர் கொண்டுபோகும் இடங்களில் இந்தக் கேள்விகளைச் சிலர் விரும்புவதில்லை. அங்கே இன்னும் உறுதியாகக் கேளுங்கள்.

எப்போது சூடானது, ஏசி போட்டிருந்ததா, எத்தனை கிலோமீற்றர் ஓடிய பின், எவ்வளவு நீர் ஊற்றினீர்கள் என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அந்தக் கொப்பி பாதி வேலையை மிச்சப்படுத்தும். வாகனத்துக்குள் இரண்டு லீற்றர் கலந்த கூலன்ட், தடித்த துணி, ஒரு பழைய ஹோஸ் கிளிப், சில பியூஸ்கள், ஒரு ரிலே ஆகியவற்றை வைத்திருங்கள். இவ்வளவும் ஒரு ஷொப்பிங் பைக்குள் அடங்கிவிடும்.